பத்து எண்ணுவதற்குள்

எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். செலியமேட்டில் அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் ஏம்பலத்தில் குழந்தைகள் தூங்காது என்று பாகூர் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. திட்டுவதற்காகச் சொன்னதை அப்பா பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அதைவிடப் பெரிய பெருமையும் அவருக்கு ஒன்று இருந்தது. கரண்ட் போனால் பத்து எண்ணுவதற்குள் அவருடைய ஜெனரேட்டர் ஓடிவிடும். எண்ணுவது என் வேலை. ஒன்பது வயதில் உலகத்திலேயே பொறுப்பான வேலை அதுதான் என்று நினைத்திருந்தேன். ஏழுக்கு மேல் எண்ணவேண்டி வந்ததே இல்லை.

அந்த வருஷம் அத்தை மகன் பிரான்சிலிருந்து மனைவியோடு வந்தார். அத்தை அப்பாவுக்கு அக்கா. அத்தைக்கு ஒரே பிள்ளையான அவர், அங்கே மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் அம்மாவுக்குப் போன் செய்தார். அன்று போனை வைத்த அத்தை, மருமகள் என்று ஒருத்தி இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்தவர்களை வீட்டுக்கும் கூப்பிடவில்லை. அதனால் இருவரும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். அப்பாவே பாகூரில் ஒரு மண்டபம் பிடித்து ரிசப்ஷன் ஏற்பாடு செய்தார். சொந்தபந்தம் முன்னால் அக்கா ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருமகளோடு ஒரு வாத்தியமும் வந்திருந்தது. பெயர் தியோர்போ. பலாப்பழத்தை நெடுக்கில் பிளந்ததுபோல ஒரு வயிறு, அதிலிருந்து அப்பாவையும் தாண்டி உயரும் ஒரு கழுத்து, நடுவில் ஒரு தலை, உச்சியில் இன்னொரு தலை. வீணைக்கும் ஏணிக்கும் பிறந்த பிள்ளை என்றார் என் சித்தப்பா. விமானத்தில் அதற்குத் தனி டிக்கெட் எடுத்தார்களாம். பெற்ற அம்மாவை ஒரு தடவை விமானத்தில் ஏற்றாத பிள்ளை மரக்கட்டைக்கு டிக்கெட் எடுத்தான் என்று அத்தை பாகூர் கடைத்தெருவில் சொன்ன செய்தி, அவள் வீடு திரும்புவதற்கு முன்பே எங்களுக்கு வந்து சேர்ந்தது.

ரிசப்ஷனில் தான் பாடப்போவதாக மருமகள் சொன்னாள். நானூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸ் ராஜா வீட்டில், ஓர் அறைக்குள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து கேட்ட பாட்டுகளாம் அவை. நரம்பு ஆட்டுக்குடலில் செய்தது, சத்தம் மெதுவாகத்தான் வரும், அதனால் மைக் வேண்டாம் என்று அத்தை மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ராஜா வூட்ல மைக் இல்ல, பாவம். நம்மகிட்டதான் இருக்குதே" என்றார் அப்பா.

அன்று காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டோம். எந்த மண்டபமானாலும் அப்பா முதலில் பார்ப்பது மெயின் போர்டைத்தான். அதில் வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் கட்டை செருகியிருக்கும். அதைப் பிடுங்கினால் மண்டபம் முழுவதும் அணைந்துவிடும் என்று எனக்குப் பாடம் நடத்துவார். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினோம். புனலைப் பிடித்தது நான். வாய் வரைக்கும் ஊற்றினோம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் நிரம்பியது. அத்தையும் வந்தாள். மேடைக்கு முதுகு காட்டி, கடைசி வரிசையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவேன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சைப் பட்டுப்புடவை கட்டிய மருமகள் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நீண்ட கழுத்தைத் தோளுக்கு மேல் சாய்த்துக்கொண்டாள். அப்பா வாத்தியத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என இரண்டு மைக் வைத்து, போனால் போகிறதென்று எக்கோவும் சேர்த்திருந்தார்.

அவள் நரம்பைத் தொட்டதும் ஸ்பீக்கர் ஊளையிட்டது. கைக்குழந்தைகள் அலறின. அப்பா சத்தத்தைக் குறைத்தார், ஒன்றுமே கேட்கவில்லை. கூட்டினார், மறுபடியும் ஊளை. மேலே மின்விசிறிகள் கடகடத்தன, சமையல் கட்டில் கிரைண்டர் ஓடியது, பந்திக்கு எழுந்தவர்கள் நாற்காலியை இழுத்தார்கள். மேடையில் அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அவள் கண் கலங்கியதும் தெரிந்தது. அத்தை எழுந்து செருப்பைத் தேடினாள்.

அப்போதுதான் கரண்ட் போனது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்தேன். பத்து வந்தது. இருபது வந்தது. பின்பக்கம் ஓடினேன். அப்பா ஜெனரேட்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எதிரே டீக்கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பா, டீக்கடைல கரண்ட் இருக்குது! நம்ம ஜெனரேட்டர ஓட்டு!"

"டீசல் இல்லடா கண்ணு."

"நான்தானே ஊத்தனேன்!"

"கம்முனு இரு" என்று சொல்லி என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் அழுதேன். அவர் சட்டைப் பையில் வெள்ளையாக எட்டிப் பார்த்த கெட்டியான ஏதோ ஒன்று என் கன்னத்தில் குத்தியது.

உள்ளே வந்து பார்த்தபோது மண்டபம் வேறாக இருந்தது. மின்விசிறி இல்லை, கிரைண்டர் இல்லை. அவள் பாட்டை நிறுத்தவே இல்லை. இப்போது அது கேட்டது. மேல் நரம்புகள் மழைவிட்ட பிறகு கூரையிலிருந்து சொட்டுவதுபோலச் சொட்டின, கீழ் நரம்பு ஒவ்வொன்றும் தரை வழியாக வந்து என் காலில் ஏறியது. குரல் உரக்க இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. யாரோ நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு முன்னே போனார்கள். பிறகு எல்லோரும் போனார்கள். என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் மேடை ஓரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. புரியாத மொழிதான், ஆனாலும் யாரையோ போகாதே என்று கெஞ்சுகிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

பட்டுப்புடவையில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டு கையும் வாத்தியத்தில் இருந்ததால் துடைக்க வழியில்லை. வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தாள். செருப்போடு வந்தவள் மேடைக்குக் கீழே அதைக் கழற்றிவிட்டு ஏறினாள். முந்தானையால் மருமகளின் நெற்றியைத் துடைத்தாள். பிறகு ஸ்வீட் பாக்ஸின் மூடியைக் கழற்றி விசிற ஆரம்பித்தாள். பாட்டு முடியும் வரைக்கும், அடுத்த பாட்டுக்கும், அதற்கடுத்த பாட்டுக்கும் விசிறினாள்.

எல்லாம் முடிந்ததும் மகனைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னாடா பாக்கற? வூட்டுக்குக் கூட்டினு வா. அந்தக் கொம்ப நிக்க வைக்க நம்ம கூடத்துல எடம் இருக்குது."

அதன் பிறகுதான் அப்பா மெயின் போர்டு பக்கம் போனார், கரண்டும் வந்தது. சொந்தக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பத்து எண்ணுவதற்குள் ஓட்டுகிறவர் கரண்ட் வரும் வரை நின்றாரே என்றார்கள். சித்தப்பா அங்கேயே அவருக்கு டீசல் இல்லாத டிரைவர் என்று பெயர் வைத்தார். எனக்குத் தாங்கவில்லை. டீசல் நிறைய இருக்கிறது, ஊற்றியது நான்தான், வந்து பாருங்கள் என்று கத்தினேன். அப்பா என்னைப் பார்த்து முறைத்தார்.

"சின்னப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும். டீசல் இல்லதான்."

அத்தனை பேர் முன்னால் அப்பா என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். அந்த வலி பல வருஷம் இருந்தது. சித்தப்பா வைத்த பெயரும் இன்றுவரை போகவில்லை. மருமகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறாள். அத்தை ஸ்பீக்கர் இல்லாமல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாட்டுக் கேட்கிறாள். மூடியும் விசிறலும் மட்டும் மாறவில்லை.

அன்று பைக்கில் வீடு திரும்பும்போது நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் கன்னத்தில் பதிந்திருந்த தடத்தைப் பின்னாலிருந்த அம்மா தொட்டுப் பார்த்து, இதென்ன என்று கேட்டாள். அழும்போது அப்பா பையில் இருந்த ஃபியூஸ் கட்டை குத்திவிட்டது என்றேன். அப்பாவின் பையில் எப்போதும் ஏதாவது சாமான் இருக்கும்.

அம்மா என் கன்னத்தையும் அப்பாவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அப்பாவின் தோளும் குலுங்கியது. மானம் போன நாளில் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வந்து சேரும் வரை இரண்டு பேரிடமும் நான் பேசவில்லை.