நாலே நாலு அஞ்சல் தலை

செபராங் ஜெயாவில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் முன்மேசையில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை; வீட்டிலிருந்து தினமும் ஃபெர்ரியில் கடல் தாண்டிப் போய்வருகிறேன். போன வருடம் ஒரு நாள், பல் கருவி விற்கிற ஏதோ ஜப்பான் கம்பெனியிலிருந்து எங்களுக்குத் தடித்த உறை ஒன்று வந்தது. அதன் மூலையில் ஒரு குட்டி நாரை பனியில் ஒற்றைக் காலில் நின்றது. குப்பையில் போடக் கை போனது, மனம் வரவில்லை. மூலையைக் கத்தரித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு அஞ்சல் தலைப் பைத்தியம் பிடித்தது இப்படித்தான்.

இரண்டு வாரத்தில் நிலையத்துத் தபாலிலிருந்தே நான்கு சேர்ந்துவிட்டன. நாலே நாலுதான். பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினால் சத்தம்கூட வராது. ஆனாலும் நான் தரையில் நடக்கவில்லை. பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களிடமெல்லாம், "வீட்டுல பழைய லெட்டர் இருக்கா? ஸ்டாம்ப மட்டும் வெட்டிக் குடுங்களேன்" என்று கேட்க ஆரம்பித்தேன். வாயில் பஞ்சு இருப்பதால் யாராலும் மறுத்துப் பேச முடியாது. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் கொண்டுவரவில்லை.

தலையாட்டாமல் நின்றவர் ஒரு கன்னியாஸ்திரி மட்டும்தான். தமிழர், என் வயதுதான் இருக்கும். ஒரு பக்கக் கன்னம் பூரி போல உப்பியிருந்தது. என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில், "எத்தனை வைத்திருக்கிறீர்கள்?" என்று எழுதிக் காட்டினார்.

நான்கு விரலை நீட்டினேன். அவர் தோள் குலுங்கியது. வலியில் அழுகிறார் என்று பதறிப்போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்! மறுபடி எழுதினார்: "என்னிடம் ஏழு ஆல்பம். எங்கள் சபைச் சகோதரிகள் பல நாடுகளிலிருந்து கார்டு போடுகிறார்கள். சும்மா தர மாட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை தையல் பிரிக்க வருவேன். மாற்றிக்கொள்ள எதையாவது கொண்டுவாருங்கள்."

என் நாரையையா கொடுப்பது? முடியவே முடியாது. ஒரே மாதிரி நிறைய வேண்டும். தமிழர் கடைகளுக்கு இந்தியாவிலிருந்து கடிதம் வரும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை, மிளகாய்த்தூள் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி, கணவரை லிட்டில் இந்தியாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் ஜார்ஜ்டவுன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

நகைக்கடையில் நுழைந்து கேட்டேன். "ஸ்டாம்பு இல்லக்கா, தாலிச் செயின் இருக்கு, பாக்குறீங்களா?" என்றார் அங்கிருந்தவர். காசு மாற்றும் கடைக்காரர், "வெள்ளிய ரூபாயா மாத்துவோம், ஸ்டாம்பெல்லாம் மாத்த மாட்டோம் லா" என்றார். கணவர் எனக்குப் பத்தடி பின்னால், யாரோ எவரோ என்பது போல, சேலைக் கடைப் பொம்மைகளைப் பார்த்தபடி வந்தார்.

கடைசியில் மளிகைக் கடை அக்காதான் என் வயிற்றில் பாலை வார்த்தார். ஊரிலிருந்து அவருடைய தங்கை மூலிகைப் பொடி அனுப்புவாராம். அலமாரிக்குக் கீழிருந்து ஒரு கட்டுப் பழைய உறைகளை இழுத்துப் போட்டார். "கரப்பான்தான் குடியிருக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போம்மா."

உறை முழுக்க மயில், மயில், மயில்! இடமே விடாமல் ஒட்டியிருந்தார்கள். நான் கத்திய கத்தலில், பத்தடி தள்ளி நின்றவர் உள்ளே ஓடி வந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டியவர் திடீரென்று, "இந்தா, ரயிலு!" என்றார். நீராவி ரயில் இரண்டு. ஆளைப் பார்க்க வேண்டுமே! அவற்றை மட்டும் அங்கேயே வெட்டித் தரச் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மிளகாய்த்தூளை இருவருமே மறந்துவிட்டோம்.

தண்ணீரில் ஊறவைத்தால் அஞ்சல் தலை கழன்று வரும் என்று படித்திருந்தேன். நான் துண்டு விரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஆர்வக் கோளாறில் பாதிக் கட்டைப் பேசினில் கொட்டிவிட்டார். அதில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் சிவப்பு உறையும் இருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீர் ரோஸ் சிராப் நிறமாகிவிட்டது. மயில்களும்தான். "ரோஸ் கலர் மயில் உலகத்துல யார்கிட்ட இருக்கு, சொல்லு?" என்றார் அவர். கோபப்பட நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது. மீதிப் பாதியைத் தனித் தண்ணீரில் நானே ஊறவைத்தேன்.

சனிக்கிழமை கணவரும் என்னோடு நிலையத்துக்கு வந்துவிட்டார். தையல் பிரித்துக்கொண்டு வந்த சிஸ்டர் பையிலிருந்து இடுக்கியையும் பூதக்கண்ணாடியையும் ஓர் ஆல்பத்தையும் எடுத்தார். வாய் திறந்துவிட்டது அல்லவா, பேச்சில் அவரை வெல்லவே முடியவில்லை.

"மூணு மயிலுக்கு ஒரு கென்யா."

"ரெண்டுக்கு ஒண்ணு, சிஸ்டர். பாருங்க, முனைகூட மடங்கல."

"சரி, பொலே. பெரு நாடும் ஒண்ணு தரேன். அலமாக், இது என்ன சிராப்புல குளிச்ச மயிலு?"

கணவர் பெருமையாக, "நான்தான் குளிப்பாட்டுனேன்" என்றார். சிஸ்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று கெஞ்சினார். பிறகு அவர் கண், கணவரின் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த ரயிலில் விழுந்தது. கணவரின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. "இது மட்டும் கேக்காதீங்க, சிஸ்டர்." சிஸ்டர் தன் ஆல்பத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். சுவிட்சர்லாந்து. பனிமலை மேல் சிவப்பு ரயில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. என் கணவரின் கை தானாகப் பைக்குள் போனது. நாங்கள் மூவரும் போட்ட கூச்சலில் டாக்டர் வெளியே வந்து, யாருக்கு வலி என்று கேட்டார்.

முந்தின நாள் வாங்கிய எங்கள் குட்டி ஆல்பத்தில் பதினோரு நாடுகளை அடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினோம். ஃபெர்ரி நடுக்கடலில் போகும்போது கணவருக்கு அந்த மலை ரயிலை இன்னொரு தடவை பார்த்தே ஆக வேண்டுமாம். காற்றில் ஆல்பத்தைத் திறந்தார். நான் போட்ட அலறலில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். அவர் சட்டென்று ஆல்பத்தை மூடி, பெஞ்சில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஜார்ஜ்டவுன் வந்து சேரும்வரை அசையவில்லை.