வெள்ளிக்கிழமை வந்த லாரி

அந்த வருடம் வக்குவா ஊரில் ஒரு வீட்டின் வெளிக்கதவு திறந்து கிடந்து, வராந்தாவில் நாற்காலிகள் அடுக்கியிருந்தால், அந்த வீட்டார் கப்பலேறப் போகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, இந்திய வம்சத்தார் ஆட்சி வந்த பிறகு என்ன ஆகுமோ என்ற பயம். சிலர் ஆஸ்திரேலியாவுக்கு, சிலர் பிரான்சுக்கு. நான் சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றி அப்படிப்பட்ட வராந்தாக்களைத் தேடினேன்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தெற்கே சுயாக் ஊரில் கரும்பு வெட்டியிருக்கிறேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறேன், பஸ்ஸில் டிக்கெட் கிழித்திருக்கிறேன். எதிலும் இரண்டு வருடம் தாண்டவில்லை. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. மடகாஸ்கரில் தமதாவ் துறைமுகத்தில் லாரி வைத்திருந்த ஒருவர், ஏப்ரலுக்குள் வந்தால் வேலை தருவதாக எழுதியிருந்தார். கப்பல் கூலியில் முக்கால் பங்குதான் என்னிடம் இருந்தது. அதை மரச்சாமான்களில் போட்டேன். போகிறவர்கள் பயத்தில் மலிவாக விற்பார்கள். அவர்கள் காலி செய்யும் அரசாங்க நாற்காலிகளில் நம்மவர்கள் உட்காருவார்கள். உட்கார்ந்தவர்களுக்கு வீட்டில் நல்ல மேசையும் அலமாரியும் வேண்டியிருக்கும். இதுதான் என் யோசனை.

ஆளுயரக் கண்ணாடி பதித்த பெரிய அலமாரியை ஆப்பிரிக்க, பிரெஞ்சுக் கலப்பில் வந்த ஒரு கிரியோல் அம்மாளிடம் வாங்கினேன். நான் பாதி விலைக்குக் கேட்டேன். அவர் பேரமே பேசவில்லை.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. நாளைக்கு எவனாவது சும்மா தூக்கிட்டுப் போறதுக்கு நீ காசு குடுக்கிறியே" என்றார். தள்ளுவண்டியில் ஏற்றும்போது கேட்டார், "உனக்குப் பயமில்லையா?"

"எனக்கு என்ன இருக்கு பயப்பட?"

உண்மையாகத்தான் சொன்னேன். பயம் விற்கிறவர்களுடையது, வாங்குகிறவனுக்கு அதில் பங்கில்லை என்று நினைத்திருந்தேன்.

சாமான்களை வைத்தது நான் குடியிருந்த தகரக் கொட்டகையில். வீட்டுக்காரி ஒரு விதவை. எல்லோரையும்போல நானும் அவரை தாந்தீன், அதாவது அத்தை, என்று கூப்பிடுவேன். நாங்கள் பேசியதெல்லாம் தீவின் பொதுமொழியான கிரியோல். தமிழ், கோவிலுக்கும் நோன்புக்கும் மட்டும். ஆனால் நாள் நட்சத்திரம் பார்ப்பதில் தாந்தீன் ஒன்றையும் விட்டதில்லை.

டிசம்பர் முடிவதற்குள் கொட்டகை நிறைந்துவிட்டது. நான்கு அலமாரி, ஆறு இரும்புக் கட்டில், மேசைகள், ஒரு தையல் இயந்திரம். கதவிலிருந்து என் படுக்கைக்கு உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டும். கண்ணாடி அலமாரி படுக்கைக்கு எதிரே நின்றது. காலையில் கண் திறந்தால் முதலில் தெரிவது என் முகம்.

ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து ஒரு தமிழ்க் கடைக்காரர் சொந்த லாரியோடு வந்தார். சாமான்களைத் தட்டிப் பார்த்தார், இழுப்பறைகளைத் திறந்து முகர்ந்தார். "தம்பி, மொத்தமும் எடுத்துக்கிறேன். இப்பவே" என்று ஒரு தொகை சொன்னார். போட்டதைப்போல மூன்று மடங்கு. கப்பல் கூலி போக, தமதாவில் இரண்டு மாதம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

சரி என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் தாந்தீன் சமையலறைப் படியிலிருந்து கத்தினார். "ஆயோ! வெள்ளிக்கிழமை கண்ணாடி வீட்டை விட்டுப் போகலாமா? லட்சுமி கூடவே போயிடும்!"

கடைக்காரர் தலையை ஆட்டினார். அவர் வீட்டிலும் அதே பழக்கம். "அம்மா சொல்றதும் சரிதான். கண்ணாடியை விட்டுட்டு மத்ததை ஏத்தட்டுமா?"

அங்கேதான் எனக்குப் புத்தி வேறு பக்கம் போனது. இந்த மனிதர் இவ்வளவு அவசரப்படுகிறார் என்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, விலை ஏறப்போகிறது. "இல்ல மாமா, சேர்த்தே போகட்டும். திங்கட்கிழமை வாங்க" என்றேன். அதற்குள் வேறு யாராவது அதிகம் தருவார்களா என்று விசாரிக்கலாம் அல்லவா? பிறகு பல வருடம் வெள்ளிக்கிழமையைக் குறை சொல்லித் திரிந்தேன். வெள்ளிக்கிழமை என்னைத் தடுக்கவில்லை. எனக்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது, அது கிடைத்தது.

திங்கட்கிழமைக்குள் போர்ட் லூயியில் கலவரம் வெடித்தது. ஊரடங்கு, தெருவில் பட்டாளம். லாரி வரவில்லை. அவர் கடை இருந்த தெருவே காலியாகிவிட்டது என்று பஸ் டிரைவர் சொன்னார். பிறகு அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வக்குவாவில் வீட்டுக்கு வீடு வராந்தா நிறைந்தது. எல்லோரும் விற்றார்கள், வாங்க ஆளில்லை. பக்கத்து வீட்டில் ஓர் அரசாங்க எழுத்தர் குடியிருந்தார். முன்பு என் மேசைகளைத் தடவிப் பார்த்தவர், இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். மத்லோ என்றால் கிரியோலில் கூட்டாளி.

"என்ன மத்லோ, மியூசியத்துக்கு டிக்கெட் எவ்வளவு?"

"உனக்கு இலவசம். மேசை வேணும்னியே?"

"அடுத்த வாரம் இன்னும் மலியும். நான் ஏன் அவசரப்படணும்?"

அடுத்த வாரமும் அதையே சொன்னார். வக்குவாவின் மழை நாள் முழுக்கத் தூறியது. மரம் உப்பி இழுப்பறைகள் திறக்க மறுத்தன. மண்ணெண்ணெய்த் துணியால் பூஞ்சையைத் துடைத்தேன். இரண்டு நாளில் திரும்ப வந்தது. வெளியே போனால் யாராவது உடைத்துத் தூக்கிப் போவார்களோ என்று கொட்டகையிலேயே கிடந்தேன். ஓர் இடத்தில் நிலைக்காத கால் எனக்கு; இரும்புக் கட்டில்களுக்கு நடுவே காவல் இருந்தேன். பயம் என்னிடமும் வந்துவிட்டது. அது கலவரத்தைப் பற்றியது அல்ல, சாமான்களைப் பற்றியது.

மார்ச் மாதக் கப்பலுக்குக் கூலி கட்டக் கடைசி நாள் நெருங்கியது. அதற்கு முந்தின நாள் எழுத்தர் வேலியைத் தாண்டியே வந்தார்.

"என் மச்சான் கியூர்பிப்பில் அறை வாடகைக்கு விடப் போறான். மொத்தமும் எடுத்துக்கிறானாம்."

அவர் சொன்ன தொகை நான் போட்டதற்கு மேலே கொஞ்சம். என்னிடம் மிச்சம் இருந்த சில்லறையைச் சேர்த்தால் கப்பல் கூலி சரியாக வரும். தமதாவில் இறங்கும்போது பை காலியாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு முன் எத்தனையோ ஊரில் காலிப் பையோடு இறங்கியவன் நான்.

"போர்ட் லூயிக்காரர் இதைப்போல ரெண்டரை மடங்கு சொன்னார்" என்றேன்.

"அவர் எங்கே?"

"வருவார்."

"பே, சரி, அவர் வர்ற வரைக்கும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துப் பேசிட்டு இரு."

தாந்தீன்கூட, "குடுத்துட்டுப் போயேன், எனக்கும் கொட்டகை மிஞ்சும்" என்றார். நான் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கேட்ட தொகை என் தலைக்குள் என் சொந்தப் பணமாகிவிட்டிருந்தது. அதைவிடக் குறைத்து வாங்கினால் யாரோ என் பையில் கைவிட்டு எடுத்ததுபோல் இருக்கும் என்று தோன்றியது. எழுத்தரின் மச்சான் வேறு வராந்தாவில் வாங்கிக்கொண்டார். கப்பல் போனது.

சுதந்திர நாளில் புதுக் கொடி ஏறியது. மறுநாள் காலை ரொட்டிக்காரன் வழக்கமான நேரத்துக்கு மணியடித்துக்கொண்டு வந்தான். யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஏப்ரல் கடந்தது. கட்டில்கள் ஒன்றொன்றாகப் போயின. விற்ற காசை அவ்வப்போது தின்றேன்.

ஆகஸ்டில் எழுத்தருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கண்ணாடி அலமாரியை நான் வாங்கிய விலைக்கே கேட்டார். ஆட்கள் தூக்கும்போது தாந்தீன் படியில் வந்து நின்றார்.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?"

"தெரியும் தாந்தீன். போகட்டும்."

அலமாரி நின்ற இடத்தில் சுவர் வெளுத்துத் தெரிந்தது. படுக்கையைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டேன். தமதாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல் தாளை மடித்து வைத்துவிட்டேன்.