செவில்லாவில் மூன்று சுற்று

செவில்லா நகரின் பழைய கடற்பயண ஆவணக் காப்பகத்தை ஒருமுறையேனும் காண வேண்டுமென்று விம்பிள்டனில் இருந்தபடியே பல்லாண்டு ஏங்கினேன். ஓய்வு பெற்றபின் அதற்காகவே மனைவியுடன் வானூர்தி ஏறி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தனி வழிகாட்டியையும் அமர்த்தினேன். காப்பகத்துக்கு எதிரே பேராலயம் இருந்தது. முதலில் அதனை வெளியே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் காப்பகம் புகலாம் என்று கூறிய வழிகாட்டி, இடஞ்சுற்றாக நடக்கத் தொடங்கினார்.

“இஞ்சருங்கோ, கோயிலை இடமாச் சுத்தக் கூடாதெண்டு அவருக்குச் சொல்லுங்கோ,” என்றாள் மனைவி.

“அது அவையின்ர கோயிலப்பா.”

“ஆரின்ர கோயிலெண்டாலும் சாமி சாமிதானே. வலமா, மூண்டு தரம்!”

நான் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். வழிகாட்டி பணிவுடன் திரும்பி நடந்தார். முதற்சுற்றில் மணிக்கோபுரத்தின் வரலாற்றைக் கூறினார். இரண்டாம் சுற்றிலும் அதனையே கூறினார். மூன்றாம் சுற்றில் மனைவியே அதனைத் தமிழில் விரித்துரைக்க, அவர் ஒரு சொல்லும் விளங்காமல் தலையசைத்து வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் காப்பக வாயிலைக் கடந்தோம். ஒவ்வொரு முறையும் நான் பெருமூச்செறிந்தேன்.

சுற்று நிறைவுற்றபோது காப்பகம் மூடக் கால்மணி நேரமே எஞ்சியிருந்தது. நான் விரைந்தேன்.

“எங்க ஓடுறியள்? கும்பிட்டாப்பிறகு கொஞ்சம் இருந்திட்டெல்லோ போகோணும்!”

மனைவியின் சைகை கண்டு வழிகாட்டி அதற்குள் படியில் அமர்ந்துவிட்டார். நானும் அமர்ந்தேன். எங்கள் கண்ணெதிரே காவலர் காப்பகக் கதவைச் சாத்தினார்.

“என்ன வடிவான கதவு, பாத்தியளே?” என்றாள் மனைவி.