ரந்தாவ் தோட்டத்தில் ஒரு பிடி அரிசியை விசாரித்த கதை

ரந்தாவ் பக்கம் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் அங்கே முதன்முதலில் போனது வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில், போலீஸ் கல்லூரியில் துப்பறியும் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது. எங்கள் ஆசிரியர் ஆளுக்கொரு வழக்குக் கோப்பைக் கொடுத்து, "இடத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். யார் சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள்" என்றார். எனக்கு வந்தது அஞ்சலை என்ற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் வழக்கு. காட்டுக்குள் ஒளிந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்தினார் என்று அவரைச் சிரம்பானில் அடைத்து வைத்திருந்தார்கள். அப்போதெல்லாம் ஒரு பிடி அரிசியோடு தோட்டத்து வேலியைத் தாண்டினாலே ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான்.

சிரம்பானில் காலை ஏழேகாலுக்குப் பஸ். கட்டணம் அறுபது காசு, தூரம் பன்னிரண்டு மைல்.

"தம்பி, பொட்டலத்துல சாப்பாடு இருந்தா இங்கயே சாப்பிட்டுடுங்க. அஞ்சாவது மைல்ல பிடுங்கிடுவான்லா" என்றார் டிரைவர்.

நான் சாப்பிடவில்லை. இவருக்கு என் பொட்டலத்தின்மேல் என்ன அக்கறை என்று சந்தேகப்பட்டேன். ஐந்தாவது மைலில் போலீசார் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் இட்லி போயிற்று.

ரந்தாவில் இறங்கியபோது எட்டு நாற்பது. அங்கிருந்து செம்மண் சாலையில் இரண்டு மைல் நடை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே வாசல். என்னைக் கண்டதும் குழாயடியில் பேச்சு நின்றுவிட்டது.

தொழிலாளர்களை மேய்க்கும் மண்டோர் மட்டும் சிரித்த முகமாக வந்து நாற்காலி போட்டார். "காலையில ஆறு மணி சார். வேலைக்குப் போறப்ப வாசல்ல நான்தான் பிடிச்சேன். பால் வாளிக்குள்ள, அடியில துணிப்பை, அதுல அரிசி." கோப்பிலும் அதேதான் இருந்தது. அஞ்சலையின் கணவர் வீரன் வாயே திறக்கவில்லை. 'எதையோ மறைக்கிறான்' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

தோட்டத்துப் போலீஸ் கொட்டகையில் அந்தத் துணிப்பையைக் காட்டச் சொன்னேன். அரிசி கல்லாக இறுகியிருந்தது. பைமேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. இழுத்தேன், நீண்டது. ரப்பர்.

நான் டவுனில் வளர்ந்தவன், பால்வெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேராக வீரனிடம் போனேன். "அண்ணே, காலை ஆறு மணிக்கு வாளியில எவ்வளவு பால் இருக்கும்?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ வலை விரிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆறு மணிக்கு ஏதுங்க பாலு? போய் மரத்த வெட்டணும், பால் வடிஞ்சு மரத்துல கட்டுன மங்கு நிறையணும். வாளியில ஊத்தறப்ப பத்து, பதினொண்ணு ஆயிடும்லா."

அப்படியானால் அந்தப் பை பால் நிறைந்த வாளிக்குள் கிடந்திருக்கிறது. அது காலை ஆறு மணி அல்ல, அஞ்சலை வேலை முடிந்து திரும்பும் நேரம். கடத்துகிறவள் அரிசியைத் திருப்பியா கொண்டு வருவாள்? யாரோ பையை வாளியில் போட்டிருக்கிறார்கள் என்று வீரனிடம் சொன்னேன். அதன் பிறகுதான் பேசினார். மண்டோர் ஒரு பெண்ணை அடித்ததைத் தோட்ட நிர்வாகியான துரையிடம் போய்ச் சொன்னது அஞ்சலையாம். பத்தே நாளில் இந்த வழக்கு.

என் அறிக்கையை ஆசிரியர் சிரம்பானுக்கு அனுப்பிவைத்தார். மறுவிசாரணையில் மண்டோர் நேரத்தை மாற்றிச் சொன்னார், பிறகு எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னார். ஆறு வாரத்தில் அஞ்சலை வெளியே வந்தார். மண்டோருக்கு வேலை போயிற்று.

அஞ்சலையைப் பார்க்க மறுபடி போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால். அவர் வாசலிலேயே நின்றார்.

"எம் பேரு இன்னும் அந்த நோட்டுல இருக்குங்களா?"

"இருக்கு."

"கிழிச்சுக் குடுத்துடுங்க."

கொடுத்தேன். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போது வருத்தம்தான். அவர் இடத்தில் இருந்தால் நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன் என்று புரியப் பல வருடம் ஆயிற்று.

இப்போது போகிறவர்களுக்கு: ரப்பர் போய்ப் பெரும்பாலும் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. வெயிலுக்கு முன் போய்விடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். தோட்டத்துக்குள் நுழைய ஆபீசில் அனுமதி கேளுங்கள். வயதானவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்பதானால், நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். சொல்லாமல் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அஞ்சலை என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயர் அவர் இடுப்பில் செருகிக்கொண்டு போன தாளில்தான் இருந்தது.