ஒரு லொறி, மூன்று ரிசல்ட்

ஒரே மொடல் லொறியை ஒருவன் பறக்கிறது என்றும் இன்னொருவன் நத்தை என்றும் எழுதினால் நீங்கள் யாரை நம்புவீர்கள்?

நான் இரண்டு பேரையும் நம்பவில்லை. போர் முடிந்து கொஞ்சக் காலம். கம்பஸ் லீவில் கல்லடிக்கு வந்திருந்தேன். அக்காவின் புருஷன், என் அத்தான், பழைய சின்ன லொறி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். சுனாமி அவருடைய தோணியைக் கொண்டுபோன நாளிலிருந்து அடுத்தவன் தோணியில் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். இனிக் கடல் வேண்டாம், கதிரவெளியில் மீன் எடுத்து மட்டக்களப்புச் சந்தைக்கு ஏற்றலாம் என்பது திட்டம். ஐஸ் கரையமுதல் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் மீனும் நாறும், திட்டமும் நாறும். லொறிக்காரர் ஒருநாள் ஓட்டிப் பார்க்கத் தந்தார். பின்னேரம் முடிவு சொல்லவேண்டும்.

நெட்டில் தேடினேன். சென்னைக்காரன் புகழ்ந்து தள்ளியிருந்தான். கொழும்புக்காரன் கழுவி ஊற்றியிருந்தான். முழுக்க வாசித்தபோதுதான் விசயம் விளங்கியது. சென்னைக்காரன் ஓட்டியது புது ரயர் போட்ட வெறும் லொறி, நேர் ரோடு. கொழும்புக்காரன் மூட்டை ஏற்றிக்கொண்டு கண்டி மலை ஏறியிருக்கிறான். டீசலும் வேறு, வெயிலும் வேறு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தனும் கதிரவெளிக்கு ஓட்டவில்லையே.

விடியவே ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். அத்தான் ஓட்ட, நான் போனில் நேரம் பிடித்தேன். கதிரவெளியில் இறங்கிப் பார்த்தால் என் கணக்கைவிட எக்கச்சக்கமாகப் பிந்தியிருந்தது.

"இழுக்க ஏலாத சாமான் மச்சான். திருப்பிக் குடுப்பம்," என்றார் அத்தான். முகம் விழுந்துவிட்டது.

"லொறி இழுத்திச்சு அத்தான். நீங்கதான் விடல்ல. என்னத்துக்கு அங்கங்க ஊர்ந்த நீங்க?"

"எங்க ஊர்ந்த?"

"ஓட்டமாவடிப் பாலத்தடியில. மறுகா பனிச்சங்கேணியில. கண்ணாடியையும் இறக்கினீங்க. அங்க ஒரு மாடுதான் நிண்டது. அதுக்கிட்ட ஐசி காட்டப் போனீங்களா?"

மீன் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இடங்களில் முன்பு சோதனைச் சாவடி இருந்தது; ஐசியை, அதாவது அடையாள அட்டையை, நீட்டாமல் கடக்க முடியாது. தூக்கிவிட்டார்கள். ஆனால் அத்தானின் கால் தன்பாட்டில் பிரேக்குக்குப் போய்விடுகிறது. நான் சொல்லும்வரை அது அவருக்கே தெரியாது.

"சிரிக்காத. நிப்பாட்டாமப் போனவனுக்கு வெடி விழுந்தத நான் கண்டவன். நீ அப்ப கம்பசில படம் பாத்துக்கிட்டு இருந்த."

"சரி, திரும்பிப் போகக்குள்ள நான் ஓட்டுறன். அப்ப தெரியும் லொறி எப்படியெண்டு."

"நீ ஓட்டி என்னத்துக்கு? நாளைக்கு ஓட்டப்போறது நீயா நானா?"

நியாயம்தான். நான் ஓட்டினால் மூன்றாவது ஆளாக நானும் ஒரு ரிசல்ட் எழுதலாம். அவ்வளவுதான். அது அத்தானுக்கு உதவாது.

"அப்ப நீங்களே ஓட்டுங்க. நிக்கிற இடத்தில நில்லுங்க. அதையும் சேத்தே பாப்பம்."

திரும்பும்போது லொறி நிறைய மீன். பனிச்சங்கேணியில் ஊர்ந்தார். ஓட்டமாவடியில் கண்ணாடியை இறக்கினார். அந்த நேரத்தையும் சேர்த்தே நான் போனில் பிடித்தேன். இடைப்பட்ட ரோட்டில் லொறி பாரத்தோடு நன்றாகவே இழுத்தது.

புளியந்தீவுச் சந்தைக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். ஓரங்கள் கரைந்திருந்தன. நடுவில் ஐஸ் கட்டியாகவே கிடந்தது. சந்தை வியாபாரி ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல பச்சை மீன். எங்கத்தயான்?"

"கதிரவெளி," என்றார் அத்தான். பிறகு என்னைப் பார்த்தார். "நிண்டு நிண்டு வந்தும் ஐஸ் கிடக்கே மச்சான்."

"ஓம். இன்னும் ரெண்டு மாட்டுக்கு ஐசி காட்டியிருந்தாலும் கிடந்திருக்கும்."

"வாயப் பொத்து. லொறிக்காரனுக்குப் போன் அடி, எடுக்கிறம் எண்டு."

நான் இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போது அத்தான் கதிரவெளியில் மீன் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.