கதிர் ஆன்லைனில் இருக்கிறான்

பள்ளி விட்டு வந்து போனில் துப்பாக்கி கேமைத் திறந்தேன். கதிரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

கதிர் பக்கத்து வீடு, என் வகுப்பு. போன மாதம் காய்ச்சலில் இறந்துவிட்டான்.

"யாருங்க?" என்று மைக்கில் கேட்டேன்.

"நாந்தாம்மா, கதிர் அம்மா. கம்பெனிக்கு லீவு போட்டுட்டேன். சுடத் தெரியாது, சும்மா இவன நடக்க விட்டுப் பாக்கேன்."

கதிர் சுவரில் முட்டி முட்டி நடந்தான். "இப்படி வாங்க அத்தை" என்று நானும் கூடவே நடந்தேன்.

எவனோ அவனைச் சுட்டுவிட்டான்.

"ஐயோ, எம்புள்ள!" அந்த அலறல் மைக்கிலும் கேட்டது, வீட்டுச் சுவர் வழியாகவும் கேட்டது.

ஓடினேன். அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு, "மறுபடி எந்திரிப்பானாம்மா?" என்றார்.

"எந்திரிப்பானுங்க அத்தை."

நாளைக்கும் விளையாட வருகிறாராம். யாரும் யாரையும் சுடாத கேம் ஏதாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.