இரண்டாம் சரணத்துக்கு முன்னால்

பாட்டைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ராகம் கேட்டால் சொல்லத் தெரியாது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச வராது. மும்பை தாராவியில் முறுக்கு சுடுகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைத்தால் அதில் தப்பில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். செம்பூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. வாயால் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அக்காவும் நானும் சேர்ந்துதான் முறுக்குத் தொழில் செய்கிறோம். அவள் உரலைப் பிடித்துப் பிழிவாள், நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்வேன். வேலை நேரம் முழுக்கப் பழைய சினிமாப் பாட்டுத்தான். கரண்ட் போய் ரேடியோ நின்றாலும் பாட்டு நிற்காது. வார்த்தைகளை அக்கா பாடுவாள். பாடக் கூச்சப்படுகிற எனக்கு அவள் வேறு வேலை கொடுத்திருந்தாள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் வாத்தியங்களை நான் வாயாலேயே செய்ய வேண்டும். வயலின், புல்லாங்குழல், தபலா எல்லாம் நான்தான். எண்ணெய் பொங்குகிறதே என்று நடுவில் விட்டுவிட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

“ஏட்டி, பாதியில விட்டா நான் எங்கன போயி ஏறுவேன்? முறுக்கு கருகுனா கருகட்டும், நீ வாசி.”

அப்போது அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. விழுந்துபோன வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. பேச்சு திரும்பவில்லை. ‘அதான்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். பசித்தாலும் அதான், கோபம் வந்தாலும் அதான், பக்கத்து வீட்டுக்காரி வந்து வம்பு பேசினாலும் அதான். தெருவையே வாயால் ஆண்டவள் ஒரு வார்த்தையோடு உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் குழந்தையிடம் பேசுவது போலக் குரலை உயர்த்திப் பேசினார்கள். காது கேட்காமல் போனது போல. அதைப் பார்க்கும்போது அவள் முகம் இறுகிவிடும்.

ஒரு நாள் நான் தனியாகப் பிழிந்துகொண்டிருந்தபோது ரேடியோவில் அவளுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்று வந்தது. பின்னால் ஒரு குரல் சேர்ந்தது. திரும்பினால், அக்கா பாடிக்கொண்டிருக்கிறாள். முனகல் இல்லை, வார்த்தை வார்த்தையாகப் பாடுகிறாள். தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாதவள் முழுச் சரணத்தையும் சொல் பிசகாமல் பாடினாள். பாட்டு முடிந்ததும், “அக்கா, பேசுக்கா,” என்றேன். “அதான்,” என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

டாக்டரிடம் சொன்னேன். சிலருக்கு அப்படி நடப்பதுண்டு, பேச்சும் பாட்டும் மூளையில் ஒரே வழியாக வருவதில்லை, பாட விடுங்கள் என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாப் பாட்டும் வரவில்லை. புதுப் பாட்டுகளில் ஒன்றும் வரவில்லை. அவள் மகளுக்குப் பிடித்ததையெல்லாம் போட்டுப் பார்த்தோம், வாயைத் திறக்கவில்லை. பழையதிலும் நன்றாகக் கட்டிய பாட்டுகள்தான் வந்தன.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டுகளை நான் உன்னிப்பாகக் கேட்டேன். பாடுகிறவர் மூச்சு எடுக்கிற இடத்தில் தபலா ஒரு சின்ன வேலை செய்கிறது, மூச்சு எடுத்ததே நமக்குத் தெரிவதில்லை. வார்த்தையில் நெடில் வருகிற இடத்தில்தான் மெட்டும் நீள்கிறது. அக்காவின் பாட்டில் முதல் இடையிசை வயலின்களோடு கூட்டமாக வரும். இரண்டாவதில் கூட்டம் கிடையாது. ஒற்றைப் புல்லாங்குழல் மேலிருந்து படிப்படியாக இறங்கி வரும். அது நிற்கிற சுரத்தில்தான் இரண்டாம் சரணத்தின் முதல் வார்த்தை ஆரம்பிக்கிறது. ரயிலிலிருந்து ஒருவரைக் கைபிடித்து இறக்கிவிட்டு, கையை விடுவது போல. செய்தவர் யாரோ, அவருக்கு என் அக்காவைத் தெரியாது. ஆனாலும் அவளுக்காகவே செய்தது போல இருக்கிறது. ரேடியோ இல்லாமல் நாங்களே பாடிக்கொண்டிருந்தபோது ஒரு முறை எண்ணெய் புகைந்ததால் நான் புல்லாங்குழலைச் செய்யாமல் விட்டுவிட்டேன். அக்கா முதல் சரணத்தோடு நின்றுவிட்டாள். வாய் திறந்திருக்கிறது, வார்த்தை இல்லை. எங்கே போய் ஏறுவேன் என்று அவள் முன்பு கேட்டது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மாட்டுங்காவில் நாங்கள் முறுக்குக் கொடுக்கும் வீடுகளில், “சினிமாப் பாட்டெல்லாம் லைட் மியூசிக்தானே,” என்று மூக்கைச் சுருக்குகிறவர்கள் உண்டு. அவர்களே காலி டப்பாவைக் கொடுக்க வரும்போது அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார்கள். தின்றுகொண்டே சமையலைப் பழிக்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனால் அவர்கள் பரவாயில்லை என்று ஆகிவிட்டது செம்பூரில்.

அக்காவின் மகள் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண். ஒரு நாள் வந்து சொன்னாள்: “சித்தி, என் ஆபீஸ்ல ஒருத்தங்க கரோகே கிளப்ல இருக்காங்க. ஓல்டு ஸாங்ஸ் மட்டும்தான். அம்மா மேடையில பாடட்டுமே. எல்லாரும் அவங்கள பாவம் பாவம்னு பாக்குறாங்கல்ல, ஒரு வாட்டி பாடுறத பாக்கட்டும். பஸ், அவ்ளோதான், அதுக்கப்புறம் யாரும் குழந்தைட்ட பேசுற மாதிரி பேச மாட்டாங்க.”

அக்காவைப் பார்த்தேன். அவள் இடது கையால் தலையைக் கோதிக்கொண்டு, “அதான்!” என்றாள். அந்த அதானில் நான் பல மாதமாகக் கேட்காத ஒரு கம்பீரம் இருந்தது. பிறகு தினமும் பயிற்சி. எனக்குப் புல்லாங்குழல் வேலை இல்லை என்று மகள் சொன்னாள். பாடுகிறவர் குரலை மட்டும் எடுத்துவிட்ட டிராக்கிலேயே எல்லா வாத்தியமும் இருக்குமாம். அதை வைத்தே பழகினோம். அக்கா ஒரு இடத்திலும் தவறவில்லை.

கரோகே கிளப் என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு சின்ன அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, பணம் கட்டிய உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். கேட்க வந்தவர் என்று தனியாக ஒருவரும் இல்லை. பாட வந்தவர்கள்தான் கேட்பவர்கள், அவர்களும் கேட்பதில்லை. ஒருவர் மேடையில் பாடிக்கொண்டிருக்க, கீழே இருப்பவர்கள் தங்கள் பாட்டை ஃபோனில் வைத்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் பார்த்துப் படிக்கிறார்கள். பாடி முடித்ததும் வீடியோ சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எதிரொலியை அவ்வளவு கூட்டி வைத்திருந்தார்கள், கிணற்றுக்குள் விழுந்தவர்கள் கூப்பிடுவது போல இருந்தது. ஒருவர் பாட்டு நடுவில் இருமினார், அந்த இருமல் மூன்று தரம் கேட்டது.

இத்தனைக்கும் பாட்டு சாகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். சுருதி விலகி, தாளம் விலகி, வார்த்தையைக் கடித்துத் துப்பினாலும் மெட்டு உள்ளே எங்கேயோ பிழைத்துக் கிடந்தது. இவ்வளவு அடியைத் தாங்க வேண்டுமென்றால் எவ்வளவு கெட்டியாகக் கட்டியிருக்க வேண்டும்.

கிளப்பை நடத்துகிறவர் பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், பட்டு ஜிப்பா போட்டிருந்தார். அக்காவின் முறைக்கு முன்னால் எங்களிடம் வந்தார்.

“டிராக்கை எடிட் பண்ணிட்டோம். நெறைய மெம்பர்ஸ், டைம் இல்லை. ஃபில்லரெல்லாம் கட் பண்ணியாச்சு.”

“ஃபில்லர்னா?” என்றேன்.

“நடுவுல வெறுமனே மியூசிக் மட்டும் வரதே, அதுதான். இடத்தை ரொப்பறதுக்குப் போடறது. எல்லாருக்குமே கட் பண்ணிடுவோம். பாட்டுல ஒரு வரிகூட கைவெக்கலை, கவலைப்படாதீங்கோ.”

“சார், அக்காவுக்கு அது இல்லன்னா அடுத்த சரணம் வராது. அவங்களுக்கு அதுதான் வழி.”

“வரி எல்லாம் ஸ்கிரீன்லயே வரும், பாத்துப் பாடினாப் போறும்.”

“அவங்களுக்கு இப்ப எழுத்து படிக்க வராது சார்.”

“அரே, டென்ஷன் வேண்டாம். உங்க அக்காவுக்குன்னு நாங்க சார்ஜே பண்ணலை. அவாதான் இன்னிக்கு ஸ்பெஷல் ஐட்டம்.”

ஐட்டம். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்த பெண் ஒலிபெருக்கியில் குழைந்தாள்: “ஃப்ரெண்ட்ஸ், எல்லாரும் டிஷ்யூ எடுத்து வெச்சுக்குங்க! அடுத்து வர்ற ஆன்ட்டியால ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனா பாடுவாங்க! சோ ஸ்வீட்ல?” அதுவரை ஃபோனில் தலையைக் கவிழ்த்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து, அதே ஃபோனை அக்காவை நோக்கித் தூக்கினார்கள்.

அக்கா மேடையில் நின்றாள். மகள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். பல்லவி வந்தது. முதல் சரணத்துக்கு முன்னால் வயலின்கள் வரவேண்டிய இடத்தில் தபலா இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தாண்டியது. அக்கா தடுமாறி, எப்படியோ பிடித்துக்கொண்டாள். நல்ல குரல் அவளுடையது. முறுக்கு உரலைப் பிழியும்போது அடிவயிற்றிலிருந்து வந்த அதே குரல். அரங்கமே அமைதியானது. ஒரு நிமிஷம் அவள் என் பழைய அக்கா.

பல்லவிக்குத் திரும்பி வந்தாள். புல்லாங்குழல் வரவில்லை. டிராக் நேராகச் சரணத்துக்குள் போய்விட்டது. திரையில் எழுத்துகள் நிறம் மாறி ஓடின. அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு என்னைத் தேடினாள்.

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. இருந்த இடத்திலேயே புல்லாங்குழலை ஆரம்பித்தேன். ஆனால் ஒலிபெருக்கியில் டிராக் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். தொகுத்த பெண், “ஆன்ட்டி, ப்ளீஸ், உக்காருங்க, டிஸ்டர்ப் பண்ணாதீங்க,” என்றாள். அக்கா, “அதான்… அதான்…” என்றது மைக்கில் எதிரொலித்தது. அதான், அதான், அதான். உடனே கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் தோற்ற இடத்தில் தட்டுகிறார்கள். பாடினபோது தட்டவில்லை. அந்தக் கைதட்டலைப் போல அருவருப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை. ஜிப்பாக்காரர் ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து அக்காவின் தோளில் போட்டு, அவள் முகத்தைக் கேமரா பக்கம் மெதுவாகத் திருப்பினார்.

வெளியே வந்தோம். இன்னும் வெயில் இருந்தது. மகள் அழுதுகொண்டே ஆட்டோ பிடிக்கப் போனாள். அரங்கத்தின் படியில் அக்காவை உட்காரவைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் எதிரே இருந்த ஜூஸ் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடையில் தபலாவைத் தட்டி, புல்லாங்குழலை மேலிருந்து ஆரம்பித்தேன். போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். படிப்படியாக இறங்கினேன். கடைசிச் சுரத்தில் நின்றேன். அக்கா ஏறிக்கொண்டாள். இரண்டாம் சரணத்தை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, ஒரு நெடிலைக்கூடக் குறைக்காமல் பாடினாள்.

முடிக்கும்போது பின்னால் ஜிப்பாக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“பேஷ்! உள்ளயே இப்படிப் பாடியிருக்கலாமே! இருங்கோ, இன்னொரு தரம் பாடுங்கோ. இதை ஷூட் பண்ணி அதோட ஜாயின் பண்ணிடலாம்.” ஃபோனைத் தூக்கினார்.

அக்கா என் தோளைப் பிடித்து எழுந்தாள். இடது கையால் பொன்னாடையை உருவி, தடுமாறாமல் அவர் தோளில் போட்டாள். “அதான்,” என்றாள்.

“தேங்க்யூ, தேங்க்யூ மா,” என்று அவர் குனிந்து கும்பிட்டார். மரியாதை செய்கிறாள் என்று நினைத்துவிட்டார். ஆட்டோவில் ஏறியதும் அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயெல்லாம் கசந்தது.

மறுநாள் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. முதல் சரணம் முடிந்ததும் நேராகக் கைதட்டலுக்கு வெட்டியிருந்தார்கள். அதை அழித்துவிட்டு, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாட்டுங்காவுக்கான முறுக்கைச் சுட்டேன்.